திரை போடாத வீடு

தேக்கா பசார் சந்தையில் முத்தாயி உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எதிரே நின்று பார்த்தால், அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது என்று தெரிந்துவிடும். மற்ற நாள்களில் அவளுடைய அம்மியில் மிளகாயும் மல்லியும் மஞ்சளும்தான் அரைபடும். யாருக்காவது மாதம் நிறைந்துவிட்டால், அம்மியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, சுக்கும் மிளகும் திப்பிலியும் வறுத்துப் போட்டு, பூண்டும் கருப்பட்டியும் சேர்த்து மையாக அரைத்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி வைப்பாள். பிள்ளை பெற்றவள் காலையில் விழுங்குகிற மருந்து உருண்டை அது. முத்தாயி கைமருந்து என்றால் தாய்க்குப் பால் ஊறும் என்று சிராங்கூன் ரோட்டுப் பெண்கள் எல்லாரும் சொல்வார்கள்.

அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் மாதம் திரும்புவதற்குள் போய்விட்டன. அதற்குப் பிறகு பிள்ளை பெற்ற வீட்டில் யாரும் அவளை உள்ளே வா என்று சொன்னதில்லை. வராதே என்றும் சொன்னதில்லை. மருந்தை வாசலில் வாங்கிக்கொண்டு, நல்ல வார்த்தை நாலு பேசிவிட்டு, திரையை இழுத்துவிடுவார்கள். பிள்ளை பறிகொடுத்தவளின் கண் பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்பது அவர்களுடைய பயம்.

1958ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அவள் குடியிருந்த மாடியிலேயே பக்கத்து அறையில் ஒரு பிள்ளை வந்து சேர்ந்தது. கிறிஸ்தவக் குடும்பம். மாமியார் சவேரியம்மாள், மருமகள் அருளாயிக்குத் தலைச்சன் ஆண்பிள்ளை. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். பிள்ளை அழுதால் முத்தாயிக்குக் கேட்கும். விக்கினால் கேட்கும். பால் குடித்து முடித்ததும் ஒரு பெருமூச்சு விடுமே, அதுகூடக் கேட்கும். அழுகை நீளும்போது பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "ரோ... ரோ..." என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொள்வாள். முகத்தை மட்டும் பார்த்ததில்லை.

"ஒரு தரம் பார்த்தா போதுங்க. மூக்கு யாரு மாதிரின்னு தெரிஞ்சா போதும்," என்றாள் புருஷனிடம்.

பரமசிவம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். "மூக்கு மூக்கு மாதிரித்தான் இருக்கும். நீ போய் வாசல்ல நிக்காத. அவங்க முகம் சுளிச்சா நீதான் சோறு திங்க மாட்டே," என்றான். அன்பினால் சொன்னதுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் மழை விட்டிருந்தது. ஒரு வீட்டுக்கு மசாலா கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது, மாதா கோயில் முகப்பில் உபதேசியார் ஞானப்பிரகாசம் முக்காலிமேல் ஏறி நின்று ஒரு சின்னக் கொட்டகைக்கு அத்தாப்பு ஓலை வேய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். கொட்டகைக்குள் வைக்கோல். ஒரு மாடு, ஒரு கழுதை, முழங்காலிட்ட ஒரு பெண், தடி பிடித்த ஒரு ஆள். எல்லாம் சிலைகள். நடுவில் ஒரு தீவனத் தொட்டி காலியாக இருந்தது.

முத்தாயி வேலிக்கு வெளியே நின்றாள். கேட்கலாமா கூடாதா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஐயா, இது யாரு வீடு?"

"வீடு இல்லம்மா, மாட்டுக் கொட்டகை. சத்திரத்துல இடம் கெடைக்கல. ஆண்டவர் இங்கதான் பொறந்தாரு."

"பிள்ளையைக் காணோமே?"

"இன்னிக்கு ராத்திரிப் பூசையிலதான் தொட்டியில வைப்போம். இன்னும் பொறக்கலம்மா," என்று சிரித்தார் உபதேசியார்.

முத்தாயி வேலியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கேட்க நிறைய இருந்தது.

"பொறந்ததும் மொதல்ல யாரு வந்து பார்த்தா? பெத்தவளோட அம்மாவா?"

"அம்மா வந்ததா ஒண்ணும் எழுதல. ஆடு மேய்க்கிறவங்க வந்தாங்க."

"சொந்தமா?"

"சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. வயல்ல கெடந்தவங்க."

"எப்ப வந்தாங்க? பதினாறு நாள் தீட்டு கழிச்சா?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேவா! குளிச்சிட்டா?"

உபதேசியாரின் கையிலிருந்த கயிறு நழுவியது. "எங்கம்மா குளிக்கிறது? ஆட்டுக்குப் பக்கத்துலேருந்து அப்படியே எழுந்து வந்துட்டாங்க."

"அந்தத் தாய் திரையை இழுத்துவிடலையா?"

"கதவே இல்லாத எடத்துல திரை எங்கேருந்து வரும்?"

முத்தாயி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வந்தவங்கள்ல... பிள்ளையைப் பறிகொடுத்தவ யாராச்சும் இருந்தாளா?"

உபதேசியார் முக்காலியிலிருந்து இறங்கினார். அவர் முப்பது வருஷமாக இந்தக் கதையைச் சொல்லி வருகிறவர். யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"வந்ததா எழுதல தாயி," என்றார். "வரக்கூடாதுன்னும் எழுதல. எல்லா ஜனத்துக்கும் சந்தோஷம்னு மட்டும் எழுதியிருக்கு. எல்லான்னா எல்லாந்தானே? நாளைக்குக் காலையில வாங்க. ரெண்டாம் பூசை முடிஞ்சா கூட்டம் கொறைஞ்சிடும்."

பசாருக்குத் திரும்பியதும் பக்கத்து அம்மிக்காரி உம்மு சல்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உம்மு சல்மா கடையநல்லூர்க்காரி. வாய்க்குப் பூட்டு கிடையாது.

"ஏ முத்தாயி, மாட்டுக் கொட்டகையில பொறந்தா என்ன அதிசயம்? நம்ம ஊருல அம்புட்டுப் பிள்ளையும் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியிலதானே பொறக்குது. மலாய்க்காரங்கிட்ட கேளு, எருமைக் கொட்டில்னுதான் அர்த்தம் சொல்லுவான்."

"கிண்டல் பண்ணாதக்கா."

"கிண்டல் இல்ல புள்ள. அந்த மரியம் எங்க வேதத்துலயும் இருக்காங்க. ஆனா அதுல கொட்டகை கெடையாது. வலி எடுத்ததும் தன்னந்தனியா ஒரு பேரீச்ச மரத்தடிக்குப் போனாங்க. மரத்தை உலுக்கு, பழம் விழும், தின்னுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு."

"தொணைக்கு ஆளே இல்லையா?"

"ஒத்த ஆளு இல்ல."

"அப்ப மருந்து?"

"பழந்தான் மருந்து."

முத்தாயி அம்மிக்குழவியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். கொட்டகையானால் என்ன, மரத்தடியானால் என்ன, பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்க இரண்டு இடத்திலும் ஆள் இல்லை. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து அம்மியைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள்.

"யாருக்கு? இப்ப யாருக்கும் மாசம் இல்லையே," என்றாள் உம்மு சல்மா.

"மாதாவுக்கு."

"அது சிலைல்லா!"

"மாரியம்மனுக்கு நான் கூழ் ஊத்துறப்ப நீ இப்படிக் கேட்டியா?"

உம்மு சல்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தன் கூடையைத் துழாவி, ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். பேரீச்சம்பழம். "சிலைக்கு வைக்க நான் தரமாட்டேன். பெத்தவளுக்குன்னு தாரேன். கொண்டுபோ."

மறுநாள் காலை புதுச்சேலைகளும் மல்லிகைப்பூவுமாகக் கோயில் வாசல் நிறைந்திருந்தது. கூட்டம் குறையும்வரை முத்தாயி வேலியோரம் காத்திருந்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு முகப்புக்குள் போனாள். யாரும் தடுக்கவில்லை.

தொட்டியில் பிள்ளை இருந்தது. கை இரண்டையும் விரித்துக்கொண்டு, யார் தூக்கினாலும் வருவேன் என்பதுபோலப் படுத்திருந்தது. முத்தாயி முதலில் மூக்கைத்தான் பார்த்தாள். வெள்ளைக்காரப் பிள்ளை மூக்கு. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள். வாழை இலையைப் பிரித்து, மருந்து உருண்டைகளையும் பேரீச்சம்பழத்தையும் தாயின் முழங்காலுக்குப் பக்கத்தில் வைக்கோல்மேல் வைத்தாள்.

"ஏ முத்தாயி! என்னது இது?"

சவேரியம்மாள். பூசை முடிந்து, ஜெபமாலையைக் கையில் சுற்றியபடி வந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "இங்க படையல் எல்லாம் போடக்கூடாது. தெரியாதா உனக்கு?"

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

"படையல் இல்லக்கா, மருந்து உருண்டை. ராத்திரிதானே பிள்ளை பொறந்திருக்கு. பெத்தவளுக்கு யாரும் ஒண்ணும் அரைச்சுக் கொடுக்கலைன்னாங்க." முத்தாயி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "வெச்சிட்டேன். போயிடறேன். பிள்ளையையும் பார்த்துட்டேன். இவங்க வீட்டுல திரை போடலைன்னு உபதேசியார் சொன்னாரு. அந்தத் தைரியத்துலதான் வந்தேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டத் தெரிந்தவளாக இருந்தால் சவேரியம்மாளுக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். சற்று முன்னால்தான் இதே குடிலுக்கு முன்னால் முழங்காலிட்டு, தன் பேரப்பிள்ளைக்கு எந்தக் கண்ணும் படக்கூடாது என்று நெடுநேரம் வேண்டிவிட்டு வந்திருந்தாள் அவள். எந்தக் கண் என்று ஆண்டவருக்குப் பெயர் சொல்லவில்லை. மனதுக்குள் பெயர் இருந்தது.

சத்தம் கேட்டு வந்த உபதேசியார் இலையைக் குனிந்து பார்த்தார். "மாதா சாப்பிடமாட்டாங்க தாயி. பேரீச்சம்பழத்தை வேணும்னா நான் தின்னுடுவேன். இந்த உருண்டையை நான் தின்னா என்ன ஆகும்?"

"பால் ஊறும்," என்றாள் முத்தாயி மெதுவாக.

அங்கே நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள். உபதேசியார்தான் அதிகமாகச் சிரித்தார். சவேரியம்மாளும் சிரித்தாள். சிரித்த வாயைக் கையால் மூடிக்கொண்டாள். கையை எடுத்தபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"எடு முத்தாயி. பழத்தையும் எடு. நம்ம வீட்டுல உருண்டை தீர்ந்துபோச்சு," என்றாள்.

அது பொய். அருளாயியின் தலைமாட்டில் இருந்த டப்பாவில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. பண்டிகை நாளில் சொன்ன அந்தப் பொய்யை ஆண்டவர் பொய் என்று எழுதியிருக்கமாட்டார்.

இருவரும் நடந்து வந்தார்கள். மாடி ஏறி, பக்கத்து அறை வாசலுக்கு வந்ததும் முத்தாயி வழக்கம்போல நின்று இலையை நீட்டினாள். சவேரியம்மாள் வாங்கவில்லை. அவளுடைய ஒரு கை திரையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை ஜெபமாலையை. பயம் போய்விடவில்லை. அதோடுதான் அவள் திரையை ஒதுக்கி ஆணியில் செருகினாள்.

"உள்ள வா. நீயே கொடு."

"யாரு அத்தை?" என்று உள்ளேயிருந்து அருளாயி கேட்டாள்.

"பக்கத்து ரூமு முத்தாயி."

"பலகைக்கு அந்தப் பக்கம் ரோ ரோன்னு சொல்லுவாங்களே, அந்த அக்காவா? வாங்கக்கா! அந்தச் சத்தத்துக்குத்தான் இவன் அடங்குவான். உங்களப் பார்க்கணும்னு எத்தனை நாளா அத்தைகிட்ட சொல்றேன்."

சவேரியம்மாள் மருமகளையும் பார்க்கவில்லை, முத்தாயியையும் பார்க்கவில்லை. பிள்ளையைத் துணியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். முத்தாயி பின்வாங்கினாள்.

"வேணாங்கக்கா. என் கை மிளகாய்க் கை. பிள்ளைக்கு எரியும். நான் தள்ளி நின்னு பார்த்துக்கிறேன்."

சவேரியம்மாள் பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, மூலையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்தாள். "கையை நீட்டு," என்றாள். எண்ணெயை ஊற்றி, விரல் விரலாக, நக இடுக்கு வரைக்கும் தானே தேய்த்துத் துடைத்துவிட்டாள். வருஷக்கணக்காக மிளகாய் அரைத்த கை அது. அதை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

பிறகு பிள்ளையை அந்தக் கையில் வைத்தாள்.

முத்தாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பிள்ளை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. மூக்கைச் சுருக்கியது. தும்மியது.

முத்தாயியின் முகம் வெளுத்துப்போயிற்று. "இந்தாங்கக்கா, வாங்கிக்கோங்க," என்று பிள்ளையை நீட்டினாள்.

"நூறு!" என்றாள் சவேரியம்மாள் சத்தமாக. தும்முகிற பிள்ளைக்கு நூறு வயசு என்று வீட்டு மனுஷர்கள் சொல்கிற வாழ்த்து அது. அவள் கை வாங்க நீளவில்லை.

பிள்ளை இன்னொரு தும்மல் போட்டது. இந்தத் தடவை யாரும் முந்துவதற்குள் முத்தாயியின் வாயிலிருந்தே வந்துவிட்டது.

"இருநூறு!"

அருளாயி பேரீச்சம்பழத்தை மென்றுகொண்டே சிரித்தாள். சவேரியம்மாள், "ஞாயித்துக்கெழமை ஞானஸ்நானம். நீயும் உன் வீட்டுக்காரரும் வந்துடணும்," என்று சொல்லிவிட்டு, முகத்தைக் காட்டாமல் எண்ணெய்ப் புட்டியை வைக்கப் போனாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த பரமசிவம், பக்கத்து அறைத் திரை ஆணியில் செருகியபடியே இருப்பதைப் பார்த்தான். தன் பெண்டாட்டியின் கையில் தேங்காய் எண்ணெய் வாசம் அடிப்பதும் தெரிந்தது.

"என்ன, மூக்கைப் பார்த்துட்டியா? யாரு மாதிரி?"

முத்தாயி யோசித்துப் பார்த்தாள்.

"யாரு மாதிரியும் இல்ல," என்றாள். "மசாலா வாடை ஆகாத மூக்கு. பழக்கிடலாம்."