இருமல் குடியேறிய வீடு

தொண்ணூற்று நாலாம் வருசம் புரட்டாசிக் கடைசியில் சோழவந்தான் நல்லகாமன் வீட்டுச் சுவர்கள் இரும ஆரம்பித்தன. மழைக்காலத்தில் சுவர் ஓதம் காப்பதில்லையா, அந்த மாதிரிதான் ஊரும் அதை எடுத்துக்கொண்டது. வடக்கே எங்கோ பிளேக் என்று செய்தி வந்து, மதுரை டவுன் பஸ்ஸில் ஒருவன் இருமினால் மற்றவர்கள் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துக்கொண்டிருந்த நேரம். மருந்துக் கடைகளில் பிளேக்குக்கான கேப்சூல் தீர்ந்துபோனது. வெற்றிலைத் தரகனான நல்லகாமன் கூடைக்கு அடியில் ஒளித்துவைத்து, வாய்க்கு வந்த விலைக்கு அதை விற்றான். சரக்கு தீர்ந்தது, சனங்களின் பயம் தீரவில்லை. அந்தப் பாவி வெறும் கூடுகளை வாங்கிப் பொட்டுக்கடலை மாவை அடைத்தான்.

விழுங்கியவர்களுக்கெல்லாம் இருமல் நின்றது, அதுதான் கூத்து. நோய் அப்படியே உள்ளே இருந்தது. இருமல் மட்டும் உடம்பைவிட்டு இறங்கி, வைகைக் கரையோரமாகவே நடந்துவந்து, நல்லகாமன் வீட்டுச் சுவருக்குள் புகுந்துகொண்டது. அடுப்படியில் பொம்பளை இருமல்கள், பட்டாசாலையில் ஆம்பளை இருமல்கள். அவன் மனைவி மாயக்காளுக்கு முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு பாவம் பார்த்து, தொண்டை வறண்ட சுவர்களில் வெந்நீர் தெளித்துவிட்டாள். நல்லகாமனோ மாடி எடுக்கக் கல் இறக்கினான். ஐப்பசியில் மகள் திவ்யாவுக்குக் காதுகுத்து வைத்தான்.

பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமனோ மாயக்காளின் தம்பி மருது, கருமாத்தூர்க்காரன், டி.பி.க்கு ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். அவன் இருமினால் பந்தல் காலியாகிவிடும். வேறு மடியில் வைத்தாலோ, உயிரோடிருப்பவனைச் செத்தவனாக்கின மாதிரி. நல்லகாமன் யோசித்துவிட்டுத் தன் கையாலேயே கேப்சூலைக் கொடுத்தான். இருமல் நின்றது. மருது கொட்டுமேளத்தோடு சீர் கொண்டுவந்து மருமகளை மடியில் வைத்தபோது மாயக்காளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊருக்குப் போனவன், அதான் சரியாகிவிட்டதே என்று ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டான்.

மார்கழியில் மாயக்காள் நெல் எடுக்கப் போனபோது பத்தாயத்துக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது. முதலில் கட்டையாக, முடிவில் ஓர் இழுவை. தூக்கி வளர்த்தவளுக்குத் தம்பியின் இருமல் தெரியாதா? பஸ் பிடித்துக் கருமாத்தூருக்கு ஓடினாள். மருது எலும்பும் தோலுமாக உட்கார்ந்து சிரித்தான்.

"இருமலே இல்லக்கா, நல்லா இருக்கேன்."

அவனைக் கையோடு கூட்டிவந்து புருசன் முன்னால் நிறுத்தினாள். "என்னத்தக் குடுத்தீகன்னு ஒங்க வாயாலயே சொல்லுங்க. எந்தம்பி செத்தா நீங்களும் எனக்குச் செத்தீக!"

நல்லகாமன் தலையைத் தொங்கப்போட்டான். "பொட்டுக்கடல மாவு மாப்ள."

பத்தாயத்துக்குப் பின்னாலிருந்த இருமல் வெளியே வந்தது. பட்டாசாலையைக் கடந்து மருதுவின் நெஞ்சுக்குள் ஏறிக்கொண்டது. ரத்தம் வருமட்டும் இருமினான். அதைக் கேட்டுச் சந்தோசத்தில் அழுதவள் மாயக்காள் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அடுத்த சித்திரைக்குள் ஆள் தேறிவிட்டான்.

மற்ற எல்லோரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தால்தான் சோறு என்றாள் மாயக்காள். நல்லகாமன் ஊர் ஊராகப் போனான். ஒருவரும் நம்பவில்லை. நம்பினால்தானே இருமல் திரும்பும்! "நல்லா இருக்கவகள ஏண்ணே கெடுக்குறீக? இருந்தா இன்னும் ரெண்டு குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். அவன் பழையபடி வெற்றிலைத் தரகுக்கே போனான். கண்டக்டர்கள் "இருமுற வீடெல்லாம் எறங்கு" என்று விசிலடித்தார்கள். அந்த இருமல் சத்தத்திலேயே திவ்யா படித்துப் பெரியவளானாள். பெண் பார்க்க வந்தவர்களும் காபி குடிக்கும்போது அதைப் பெரிதுபடுத்தவில்லை.

எப்போதாவது சுவரில் ஓர் இருமல் பாதியில் நின்றுவிடும். மாயக்காள் கொஞ்சநேரம் காது கொடுத்துப் பார்ப்பாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். நல்லகாமனும் சொல்லாமலே துண்டை எடுத்துக்கொண்டு வைகையில் முழுகப் போவான். செத்தது யார், எந்த ஊர் என்று இருவருக்கும் தெரியாது. அன்றைக்கு அந்த வீட்டில் உலை வைப்பதில்லை.