இருபது வருஷ முழங்கை

"ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" என்று மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா கேட்டாள்.

"நாலு," என்றான் லிப்ட் மெக்கானிக், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த அவன் மனைவிக்குக் காது அடைத்தது. சிகரெட்டை விட்டு ஆறு வருஷம் ஆயிற்று என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவன். அந்தத் தலை இன்னும் கழுத்தில் நிற்பதே அதிசயம்தான்.

பித்தப்பைக் கல்லை எடுக்கப்போகும் பெரிய டாக்டர் அரை நிமிஷம் எட்டிப் பார்த்து, சின்ன விஷயம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்த டாக்டரம்மாவோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மெக்கானிக்கின் மனைவி தையல்காரி. அவள் கண் கேட்காமலே டாக்டரம்மாவை அளவெடுத்தது. தோள் பதினாலு, இடுப்பு முப்பது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, அதுவே வயிற்றெரிச்சலாக இருந்தது. பல் ஆடுகிறதா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று டாக்டரம்மா கேட்கக் கேட்க இவன் மடமடவென்று ஒப்பித்தான். வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனுஷன்!

"தூக்கத்துல குறட்டை உண்டா? மூச்சு நின்னு நின்னு வருமா?"

"சேச்சே, அதெல்லாம் கிடையாது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "டாக்டர், பயமா இருக்கு. முழிக்காமப் போயிட்டா?"

டாக்டரம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "உங்க தலைமாட்டுலயே இருப்பேன். நீங்க முழிக்கிற வரைக்கும் எங்கயும் போகமாட்டேன்."

சிகரெட்டையாவது மன்னிக்கலாம். ஒருமுறை லிப்ட் குழிக்குள் மூன்று மணி நேரம் தொங்கிவிட்டு வந்தவன், சட்டையைக் கழற்றிவிட்டு, சாப்பாடு போடு என்றுதான் சொன்னான். பயம் என்ற சொல்லை இருபது வருஷத்தில் அவள் அவன் வாயிலிருந்து கேட்டதில்லை. முந்தாநாள் முளைத்தவளிடம் கொட்டுகிறான். தலைமாட்டில் இருப்பாளாம்! அது யாருடைய இடம்?

"அவர் சொல்லாம விட்டது ஏதாவது இருக்காம்மா?" டாக்டரம்மா இவள் பக்கம் திரும்பினாள்.

"அவர்தான் உங்ககிட்ட எல்லாத்தையும் கொட்டுறாரே. எனக்கென்ன தெரியும்?"

ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவன் கையைத் தூக்கினான். இவள் பையைத் துழாவுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

வெளியே இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து பொருமினாள். குறட்டை இல்லையாம், கேட்டுக்கோ! சுவரே அதிரும். நடுவில் பொட்டென்று நின்றுவிடும். இவள் இருட்டில் எண்ணுவாள், பதினைந்து, இருபது. முழங்கையால் ஓர் இடி இடித்தால்தான் 'ஹக்' என்று மூச்சு திரும்பும். இடித்தது அவனுக்கே தெரியாது. தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான். அந்த டாக்டரம்மா எத்தனை படித்திருந்தும் என்ன, இது அவளுக்குத் தெரியுமா?

தெரியாது. இவள் சொல்லவில்லை.

கால் செருப்பைத் தேடவில்லை. கண்ணாடிக் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். முகமூடியை இறக்கிக்கொண்டு டாக்டரம்மா வெளியே வந்தாள்.

"மூச்சு நிக்கும் டாக்டர். ராத்திரி பூரா. கல்யாணம் ஆனதுல இருந்து. நான் இடிச்சுத்தான்..."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "அப்பவே கேட்டேனேம்மா?"

"உங்க மேல பொறாமையா இருந்துச்சு."

டாக்டரம்மா முகமூடியை மறுபடி ஏற்றிக்கொண்டாள். "நல்லவேளை, இன்னும் மருந்து குடுக்கல. இனிமே அதுக்குத் தக்கபடி பாத்துக்குறேன். முடிஞ்ச பிறகும் ரொம்ப நேரம் என் பக்கத்துலயே வெச்சுக்குறேன்."

என் பக்கத்துலயே! அந்த நிலையிலும் அது சுருக்கென்று தைத்தது.

இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். குறட்டை விட்டுக்கொண்டிருந்தவனின் மூச்சு பொட்டென்று நின்றது. இவள் முழங்கை தானாக எழும்பியது. அதற்குள் டாக்டரம்மா அவன் தாடைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து மேலே தூக்கினாள். மூச்சு சத்தமில்லாமல் ஓடியது. அடிப்பாவி, இருபது வருஷமாக இடித்த இடியை இரண்டு விரலில் முடித்துவிட்டாளே!

"இங்க பிடிங்க. எலும்புல," என்று இவள் விரலை எடுத்து அங்கே வைத்துவிட்டு, டாக்டரம்மா பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள்.

விரலில் அவன் மூச்சு சூடாகப் பட்டது. சற்றுப் பொறுத்து அவன் உதடு அசைந்தது.

"டாக்டர்..." என்றான், கண்ணைத் திறக்காமலே.

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். டாக்டரம்மா முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"ம், சொல்லுங்க," என்றாள் இவள், டாக்டரம்மா மாதிரி குரலை மெல்லியதாக்கிக்கொண்டு. பிடித்த தாடையை விடாமல், காதை அவன் வாயருகே கொண்டுபோனாள்.