கம்பத்தடியில் குவிந்த குச்சிகள்

வெள்ளிக்கிழமை மகள் இந்துஜாவுக்குக் காது குத்து. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரோட்டுக் கூட்டம். இரண்டையும் இப்படி அடுத்தடுத்து வைத்த புத்திசாலி யார் என்று சுந்தரம்மாள் யாரைத் திட்ட முடியும்? இரண்டுக்கும் நாள் பார்த்தது அவளேதான்.

சுந்தரம்மாள் அந்த வார்டு கவுன்சிலர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்று ஆனதும், "எந் தங்கச்சி நிப்பா" என்று கோவில்பட்டி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தது அவள் அண்ணன் இசக்கிபாண்டி. நிற்கப்போகிறவளுக்குத்தான் சேதி கடைசியாக வந்தது. வீடு வீடாகப் போனதும் அவன், கும்பிட்டதும் அவன். மாலையை மட்டும் அவள் கழுத்தில் போட்டான். கவுன்சிலர் ஆன பிறகும் அதிகாரிகள் முன்னால்கூட, "ஏட்டி, இங்கன ஒரு கையெழுத்தப் போடு" என்பான். அவளுக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் பிடிக்கவும் செய்யும்.

தகப்பன் போன பிறகு அவளைப் படிக்கவைத்து, நூல் மில்லில் வேலை பார்க்கும் மாயகிருஷ்ணனுக்குக் கட்டிக்கொடுத்தவன் அவன். பிள்ளை இல்லையே என்று ஏங்கி ஏங்கி ஒருவழியாக இந்துஜா பிறந்தபோது, பெற்றவள் கண் திறக்கும் முன்னே ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதவனும் அவன்தான். இப்போது தோடு வாங்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறான். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். சுந்தரம்மாளுக்கு ஒரே அண்ணன், ஒரே மடி.

சிக்கல் அந்த அண்ணனின் கடலைமிட்டாய்க் கடையில் இருந்தது.

தீப்பெட்டி ஆபீஸ் ரோட்டு முக்கில் கடை. கடை அவன் சொந்த இடத்தில்தான் நிற்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படிதான் சாக்கடை வாறுகாலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. முதலில் ஒரு படி கட்டினான். மழைத்தண்ணீர் ஏறுகிறது என்று இன்னொன்று கட்டினான். வானம் பார்த்த கரிசல் பூமியில் மழைக்குப் பயந்து படி கட்டிய ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான். பிறகு வெயிலுக்கு ஒரு தகரக் கொட்டகை, அதைத் தாங்க இரண்டு தூண். இப்போது தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அந்த இடத்தில் ஓரத்தை விட்டு ரோட்டில் இறங்கித்தான் சுற்றிப் போகிறார்கள். அதே முக்கில்தான் மினிபஸ் திரும்புகிறது. போன மாதம் அப்படி இறங்கிய தீபலட்சுமியை மினிபஸ் தட்டிவிட்டது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் பேச்சித்தாயின் மகள் அவள். காலில் மாவுக்கட்டோடு இன்னும் வீட்டில் கிடக்கிறாள்.

சுந்தரம்மாள் அண்ணனிடம் ஜாடையாகச் சொல்லித்தான் பார்த்தாள். அவன் சிரித்தான். "ஏட்டி, பஸ்காரன் கண்ணத் தொறந்து ஓட்டணும். எம் படி என்ன, ஓடியா போயி அவன முட்டிச்சி?" என்று ஒரு கடலைமிட்டாய்ப் பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டான்.

ரோட்டைச் சீராக்கும் வேலைக்கு எஞ்சினியர் கிருஷ்ணகுமார் வந்தார். சின்ன வயசு, பேச்சில் பதவிசு. "நான் பாட்டுக்கு ஒரு பிளானப் போட்டுட்டா ஆச்சாம்மா? தெனமும் நடக்குறவங்க மொதல்ல சொல்லட்டும்" என்றார். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வேப்பமர நிழலில் கூட்டம் கூடியது.

பெண்கள் கோலப்பொடியால் தரையில் ரோட்டை வரைந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, இசக்கிபாண்டி கடை, அதற்கு எதிர்ப்பக்கம் லைட் கம்பம் எல்லாம் வந்துவிட்டன. கோலம் போட்டுப் பழகிய கைகள் அல்லவா, ரோடு அசலைவிட நேராக இருந்தது. எஞ்சினியர் கூழாங்கல் வேண்டும் என்றார்.

"கல்லுக்கு எங்கன போக? ஆபீஸ்ல கழிச்சுப்போட்ட குச்சி மூடையா கெடக்கு" என்று பேச்சித்தாய் மருந்து வைக்காத தீக்குச்சிகளை ஒரு சாக்கில் கொண்டுவந்து கொட்டினாள். எந்த இடத்தில் நடக்கப் பயமாக இருக்கிறதோ, எங்கே அடிபட்டதோ, அங்கே ஆளுக்கொரு குச்சி வைக்க வேண்டும் என்று பேச்சு.

இசக்கிபாண்டியும் வந்திருந்தான், வெறுங்கையோடு இல்லை. பெரிய தட்டு நிறையக் கடலைமிட்டாய். தங்கச்சி நடத்துகிற கூட்டம் என்று எல்லோருக்கும் அவனே கொடுத்தான். சதி ஏதும் இல்லை, அவன் சுபாவமே அப்படி. கொடுத்து முடித்துவிட்டு மரத்தடி நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்தான்.

குச்சிகள் விழுந்தன. பள்ளிக்கூட வாசலில் கொஞ்சம், ரேஷன் கடை வளைவில் கொஞ்சம். லைட் கம்பத்தடியில் ஒரு குவியல். இசக்கிபாண்டி கடை முன்னால் ஒன்றுகூட இல்லை, கோலப்பொடி பளிச்சென்று கிடந்தது. வாயில் அவன் மிட்டாய், எதிரில் அவன் தங்கச்சி. வாசலில் குச்சி வைக்க யாருக்குக் கை வரும்? கடைக்கு நேர் எதிர்ப்பக்கமாகப் பார்த்துப் பயத்தையெல்லாம் கம்பத்தடிக்கு நகர்த்திவிட்டார்கள்.

"கம்பத்தடியிலதான் ரொம்ப ஆபத்து போல" என்றார் எஞ்சினியர். "நடைபாதைய அந்தப் பக்கமே வச்சிருவோம்."

அப்போது பேச்சித்தாய் எழுந்து வந்தாள். கோலத்தில் வரைந்திருந்த கடை வாசலுக்கு மேலே குனிந்தாள். இசக்கிபாண்டியைப் பார்த்தாள், சுந்தரம்மாளைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து போய்க் கம்பத்தடியில் குச்சியை வைத்தாள்.

சுந்தரம்மாள் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள். "பேச்சி, பிள்ளைக்கு அங்கனயா அடிபட்டுது?"

"ஒரு எட்டு முன்னபின்ன இருக்கும்க்கா. அண்ணாச்சி நல்ல மனுசன். அன்னைக்கு அவியதான் ஆட்டோ பிடிச்சித் தந்தாவ."

ஒரு எட்டாம். ரோட்டுக்கு அந்தப்புறம்! மகள் கால் ஒடிந்த இடத்தைப் பெற்ற தாயே மாற்றி வைக்கிறாள், கவுன்சிலருக்கு மரியாதை செய்ய. சுந்தரம்மாளுக்கு அவமானத்தில் காது சுட்டது. எஞ்சினியரிடம் அப்புறமாகத் தனியே சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால், மக்கள் ஒன்று சொன்னார்கள், கவுன்சிலர் வேறு சொல்கிறாள் என்று ஆகும். அண்ணனிடம் சொன்னால் இன்னொரு பாக்கெட் கிடைக்கும். சும்மா இருந்தால் வெள்ளிக்கிழமை மடி கிடைக்கும், தீபலட்சுமிக்குப் பிறகு இன்னொரு பிள்ளை அங்கே விழும்.

தரையில் கிடந்த ஒரு குச்சியை எடுத்தாள். அண்ணன் பக்கம் பார்க்காமல் போய், அவன் கடை வாசலில் வைத்தாள்.

"இந்துஜாவ இடுப்புல வச்சிக்கிட்டு இங்கனதான் எறங்குனேன்" என்றாள். "லாரி எஞ் சேலைய உரசிட்டுப் போச்சு. வீட்டுல போயி நடுங்கிக்கிட்டுக் கெடந்தேன்."

மிட்டாய் மெல்லுகிற சத்தம் நின்றது. பிறகு பேச்சித்தாய் கம்பத்தடியிலிருந்து தன் குச்சியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, சுந்தரம்மாளின் குச்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்து இன்னொருத்தி வந்தாள். அப்புறம் வரிசைதான். கம்பத்தடி காலியாகிக்கொண்டே வந்தது.

இசக்கிபாண்டி எழுந்தான். வேட்டியை உதறிக் கட்டினான். தட்டை எடுத்துக்கொண்டான்.

"சரிங்கம்மா" என்றான். "கவுன்சிலரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பிறந்ததிலிருந்து அவன் வாயில் அவள் கேட்காத மரியாதை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

அந்த வாரம் முழுக்க அவன் தங்கச்சி வீட்டுப் பக்கம் வரவில்லை. இவள் கடைக்குப் போனபோது, "வாங்கம்மா, என்ன வேணும்?" என்று கேட்டான். இவள் திரும்பிவிட்டாள். மாயகிருஷ்ணன் ஷிப்ட் முடிந்து வந்து எல்லாம் கேட்டுவிட்டு, "நீ செஞ்சது சரிதான். மடிக்கு என்ன செய்யப்போற?" என்றான்.

வெள்ளிக்கிழமை, புதூர்ப் பக்கத்துக் குலதெய்வக் கோயில். இந்துஜாவுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாகிவிட்டது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பெரியப்பா மகன் செல்லத்துரை, "நானும் மாமன் முறைதான, உக்காருதேன்" என்று துண்டை விரித்தான்.

"வேண்டாம்ண்ணே. வரட்டும்" என்றாள் சுந்தரம்மாள். வராவிட்டால் என்ன செய்வது என்று அவள் யோசிக்கவேயில்லை.

இசக்கிபாண்டி வந்தான். குளித்துப் புதுவேட்டி கட்டியிருந்தாலும் காதோரத்தில் சுண்ணாம்புத் தூசி ஒட்டியிருந்தது. கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. யாரும் கேட்காமலே செல்லத்துரையிடம் சொன்னான்: "படிய இடிச்சிட்டு வாரேன். நான் கட்டுனத வேறொருத்தன் கடப்பாரைய வச்சி இடிக்க விட்டுருவனா? தூண் நாளைக்கு." கோபம் கொஞ்சமும் குறைந்ததாகத் தெரியவில்லை.

துண்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை வாங்கி மடியில் வைத்தான். இந்துஜா ஊசியைப் பார்த்ததும் கத்தத் தொடங்கினாள். அவன் துணி சுற்றிய கையால் அவள் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பிள்ளைக்கு வலிக்குமே என்று சுந்தரம்மாள் பதறிப் போய்க் குனிந்தாள்.

"ஏட்டி, வெளிச்சத்த மறைக்காத" என்றான் இசக்கிபாண்டி. "ஓரமா நில்லு."

சுந்தரம்மாள் ஓரமாகப் போய் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் அந்த இடம் தோதாக இருந்தது.