சீமெந்து முற்றம்

றஷீனாவின் கணவன் பலீல் அலவாங்கை ஓங்கிப் போட்டான். பின்முற்றத்துச் சீமெந்து அசையவில்லை. மேசன் அவ்வளவு நன்றாகச் செய்திருந்தான். றஷீனா பக்கத்தில் நின்று, கலவை பார்த்து வாங்கிய வேலை.

"இத ஒடைக்காமக் குளிப்பாட்ட ஏலாதா?" என்று பலீல், மையத்துக் காரியங்களுக்கு வந்திருந்த பள்ளி லெப்பையைக் கேட்டான்.

"மையத்தக் குளிப்பாட்டுற தண்ணி சாக்கடைக் கானுக்குள்ள ஓடப்படாது தம்பி. குழி வெட்டி மண்ணுக்குள்ளதான் உடோணும்."

குசினி வாசலில் நின்று றஷீனா கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் வாப்பா வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். காலையில் சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

பெருவெள்ளம் வந்த ஐம்பத்தேழாம் ஆண்டில் உம்மா மௌத்தானதும், வாப்பா இப்றாஹீம் பதுளைக் கடைத்தெருவில் இருந்த பலசரக்குக் கடையை மருமகன் பலீலிடம் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பேச்சில்லை. சோறு இறங்கவில்லை. ஒருநாள் என்ன நினைத்தாரோ, மண்வெட்டியை எடுத்துப் பின்முற்றத்தைக் கொத்தத் தொடங்கினார். அவரை, நோக்கோல், ரோசா, ஓரத்தில் ஒரு மருதோண்டி. அவரை காய்க்கத் தொடங்கியபோது அவருக்குப் பசியும் வந்துவிட்டது. சாரத்து மடியில் காயைக் கட்டிக்கொண்டு வந்து, "இத ஆக்கிப் பாருங்க மகள்" என்று சிரிப்பார்.

பிறகு பேத்தி ஹம்ஸியாவின் கலியாணம் வந்தது. பந்தல் போட இடம் வேண்டும். மழை பெய்தால் சேறு. சீமெந்து போடச் சொன்னது றஷீனாதான். "கலியாணம் முடியட்டும் வாப்பா, ஒடச்சித் தாறேன்" என்றாள்.

கலியாணம் முடிந்தது. கடை மிளகாய் காயப்போட அந்தத் தரை வெகு தோதாக இருந்தது. வாப்பா ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

"எப்ப மகள் ஒடைக்கிற?"

"இந்த மிளகா காயட்டும் வாப்பா."

அப்புறம் அவர் கேட்கவுமில்லை, வீட்டில் சிரிக்கவுமில்லை. வயசு போனால் அப்படித்தான் என்று றஷீனா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அசர் தொழப் போகிறவர் இருட்டித்தான் வருவார்; பள்ளியில் இருக்கிறார் என்று நினைத்தாள். செருப்பில் சேறு அப்பியிருக்கும். "றோட்டுல பாத்து நடக்க ஏலாதா வாப்பா?" என்று முணுமுணுத்தபடி கழுவி வைப்பாள்.

தரை ஒருவழியாகப் பிளந்தது. அடியில் மண் கறுப்பாக, ஈரமாகவே இருந்தது.

பின்வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் கருப்பம்மா குசினி வாசலுக்கு வந்தாள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து பட்டணம் வந்தவள். கையில் ஒரு மருதோண்டிக் கொப்பு.

"அடக்குற எடத்துல பச்சக் கொப்பு ஊணுவீங்கல்ல, அதான் கொண்டாந்தேன்மா."

"இது ஏது கருப்பம்மா?"

"மொதலாளி வச்சதுதாங்க. இங்க சீமெந்து போட்ட அன்னைக்கு வேரோட தூக்கியாந்து எங்க வேலியோரமா நட்டாங்க. தெனம் சாயங்காலம் தொழுதுட்டு வருவாங்க. தண்ணி ஊத்துவாங்க, அவரைக்குப் பந்தல் கட்டுவாங்க. எங்க வீட்டுக்காரரோட பேசிச் சிரிச்சிக்கிட்டு இருப்பாங்க."

"சிரிப்பாரா?"

"ஆமாங்க, நல்லா சிரிப்பாங்க. ஏங்கம்மா, வீட்டுல சிரிக்க மாட்டாங்களா?"

றஷீனா கொப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் வாப்பா சிரித்திருக்கிறார். அது தன் காதில் விழாமல் போனதற்குத் தானேதான் காரணம் என்று நினைத்தபடி கொப்பை வாப்பாவின் கட்டிலோரம் வைத்தாள்.

ளுஹர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவைச் சுமந்துகொண்டு சந்தூக்கு புறப்பட்டது. மருதோண்டிக் கொப்பும் கூடப் போயிற்று. பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து வந்த பலீல், குளிப்பாட்டிய தண்ணீர் வற்றியிருந்த குழிக்குள் மண்ணைத் தள்ளி நிரவினான்.

"எப்ப இதப் பூசுற? நாளைக்கு மேசனக் கூட்டி வரவா?"

பின்வாசற்படியில் வாப்பாவின் செருப்பு நேற்றுச் சாயங்காலத்துச் சேற்றோடு கிடந்தது. பழக்கத்தில் றஷீனா அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குழாயைத் திறந்தவள் மறுபடி மூடினாள். சேற்றோடு செருப்பைக் கொண்டுவந்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.