தூங்கும்போது வெட்டிய முடி

சோற்றில் மருந்து வைத்துவிடுவார்கள் என்று நாகவல்லி, பெற்ற தாய் பொன்னியம்மா கையால்கூடச் சாப்பிடுவதில்லை. புருஷன் வேம்புலி பிசைந்து கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்வாள். அதுவும் அவன் முதல் வாய் தின்று காட்ட வேண்டும். தலை வாரினால் உதிர்ந்த முடியை ஒன்றுவிடாமல் பொறுக்கி அடுப்பில் போடுவாள். யார் கையிலாவது சிக்கினால் சூனியம் வைத்துவிடுவார்களாம்.

பெரியாஸ்பத்திரி மாத்திரை அவளைத் தூங்கவைத்தது. விழித்தால் பயம் அப்படியே இருந்தது. பூந்தமல்லிக்குப் புதிதாக வந்த டாக்டர் வேறு காரணம் சொன்னார். உடம்பில் செம்பு ஏறித் துத்தநாகம் குறைந்தால் மனசு இப்படிக் கலங்கலாம். பிடரியில் ஒட்ட வெட்டிய முடியை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதித்துப் பார்க்கலாம். குணமாகும் என்று அவர் சொல்லவில்லை. வேம்புலி காதில் அப்படித்தான் விழுந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புச் சாமானுக்குத் துத்தநாகப் பூச்சு போடும் பட்டறையில் அவனுக்கு வேலை. கூட வேலை செய்யும் துலுக்கானத்திடம் சொன்னான்.

"அதுக்கு இன்னாத்துக்கு மாமே வெளிநாடு? இட்டாந்து நம்ம தொட்டில ஒரு முக்கு முக்கி எடு. பளபளன்னு ஆயிடும்."

வேம்புலியும் சிரித்துவிட்டான். துலுக்கானம் குரலைத் தாழ்த்தினான். "முடி குடுக்குமா அது?"

"கேட்டா குடுக்காது."

"அப்போ கேக்காத."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அயனம்பாக்கத்து வீட்டில், நாகவல்லி அவன் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் சத்தத்தில் விழித்தாள். அவன் கையிலிருந்த முடியைப் பார்த்தாள். கத்தவில்லை.

"யாருக்குயா எடுத்த?"

"டாக்டருக்கு நாகு. சத்தியமா."

"நீயும் அவங்களோட சேந்துகினியா?"

அன்று சாயங்காலம் அவன் பிசைந்த சோறு தட்டிலேயே காய்ந்தது. மறுநாளும் அப்படித்தான்.

மழைக்காலம் முடியும்போது சோதனை முடிவு வந்தது. டாக்டர் நினைத்தது போலவே செம்பு அதிகம், துத்தநாகம் குறைவு. மாத்திரை கொடுத்தார். பொன்னியம்மா அழுதாள். "நோவு இன்னான்னு தெரிஞ்சிபோச்சி மாப்ளே. இனிமே பொழைச்சிக்குவா."

வேம்புலி ஒரு மாத்திரையை நாகவல்லியின் கண்ணெதிரே விழுங்கிக் காட்டிவிட்டு இன்னொன்றை நீட்டினான்.

"நீ மொதல்லயே விஷமுறிவு துன்னுட்டு வந்துகீற" என்றாள்.

எத்தனையோ விதமாகக் கெஞ்சிப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. தன் கையால் தோலுரிக்கும் வாழைப்பழம், தானே உடைக்கும் வேர்க்கடலை, அவ்வளவுதான் அவள் சாப்பாடு. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது.

ஒருநாள் பொன்னியம்மா, பழத்தைக் காம்போரம் கீறி மாத்திரையைச் சொருகப் போனாள். வேம்புலி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் அத்தே. தெரிஞ்சா அதுவும் நின்னுடும்."

டாக்டர் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவன் போகவில்லை. வேலை விட்டு வந்தால் நாகவல்லி தின்று முடிக்கும்வரை உள்ளே நுழையாமல் தெருவில் நிற்பான். அவன் பார்த்தால் பழத்தைக் கீழே வைத்துவிடுவாள்.