ஆளில்லாத பெட்டி

இரண்டு கம்பெனிகள் ஒன்றாகிவிட்டன. கம்ப்யூட்டர்கள் மட்டும் ஒன்றாக மாட்டேன் என்றன. பம்பு செய்தவர்கள் ஒரு மெயில் சேவையில் இருந்தார்கள், குழாய் செய்தவர்கள் வேறொன்றில். மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் வால் பகுதி எல்லோருக்கும் ஒன்றே. வெளியிலிருந்து எது வந்தாலும், பம்புக்காரர்கள் எதை எழுதினாலும், முதலில் பம்புப் பக்கம் போகும். அங்கே அந்தப் பேரில் மெயில் பெட்டி இருந்தால் அதில் விழும், இல்லாவிட்டால் குழாய்ப் பக்கம் தள்ளிவிடப்படும். இந்த ஏற்பாட்டைச் செய்து, காப்பாற்றி, திட்டும் வாங்கிக்கொள்வது ஒருத்தியின் வேலை. அவளுக்கு எல்லோரும் வைத்த பேர் போஸ்ட்மாஸ்டர். கடிதங்கள் ஒழுங்காகப் போகும் நாட்களில் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது.

அன்று காலை காபி மெஷின் பக்கத்தில், பம்புப் பக்கத்து ஆளெடுப்பு மேலாளர் யாரிடமோ அலுத்துக்கொண்டிருந்தார்.

"குழாய்க் கிடங்கு அக்காவுக்கு ரொம்பத்தான் தலைக்கனம். ரெண்டு கிடங்கையும் சேத்துப் பாக்கற வேலை இருக்கு, பேச வாங்கன்னு மூணு மெயில் போட்டேன். வரலன்னாவது ஒரு வார்த்தை எழுதலாம்ல?"

காபி எடுக்க வந்த போஸ்ட்மாஸ்டரின் காதில் அது விழுந்தது. கிடங்கு அக்கா பதில் போடாத ரகமில்லை. ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்ததற்கே நன்றி சொல்லி இரண்டு மெயில் போட்ட ஆள்.

இடத்துக்கு வந்து, அந்த மூன்று மெயில்களும் போன தடத்தைப் பார்த்தாள். போய்ச் சேர்ந்ததாகத்தான் காட்டியது. சேர்ந்த இடம் பம்புப் பக்கம். அங்கே கிடங்கு அக்காவின் பேரில் ஒரு பெட்டி இருந்தது. நான்கு மாதத்துக்கு முன், ஆட்களை இந்தப் பக்கம் மாற்ற முடியுமா என்று சோதித்துப் பார்க்க போஸ்ட்மாஸ்டரேதான் ஐந்து பெட்டிகளைத் திறந்தாள். சோதனை முடிந்ததும் நான்கை அழித்தாள். ஐந்தாவதான இதை அழிக்கப் போனபோது பிரிண்டர் ஓடவில்லை என்று யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போனவள் அதோடு மறந்துபோனாள். குழாய்க்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது வழக்கம்போல் வந்துகொண்டிருந்ததால் அக்காவுக்கும் சந்தேகம் தட்டவில்லை.

திறக்காத மெயில்கள் அறுபத்திரண்டு.

பெட்டியைச் சத்தமில்லாமல் அழித்துவிடலாம். பழி அக்காவின் தலைக்கனத்தின் மேலேயே கிடக்கும். அதையும் இரண்டு நிமிஷம் யோசித்தாள், இதில் பொய் சொல்வானேன். பிறகு எழுந்து மேலாளரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப வந்து சொல்றியேம்மா. நேத்தே பம்புக் கிடங்குக்காரருக்கு அந்த வேலைக்கு ஆர்டர் குடுத்தாச்சு. அவரும் கையெழுத்துப் போட்டுட்டாரு."

"மாத்த முடியாதா சார்?"

"முடியாது."

குழாய்க் கிடங்கு பின் கட்டடத்தில் இருந்தது. அக்கா அட்டைப்பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். போஸ்ட்மாஸ்டர் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள், தலைக்கனம் என்று பேசிக்கொண்டது உட்பட.

"அப்ப என்னைக் கூப்பிட்டிருக்காங்க?"

"மூணு தடவை, அக்கா."

"இருபது வருஷமா இதைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன், ஒரு பேச்சுக்குக்கூடக் கூப்பிடலையேன்னு வீட்ல போய் அழுதேன். போய்க் கேளுன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. நானா போய்க் கெஞ்சணுமான்னு இருந்துட்டேன்."

போஸ்ட்மாஸ்டருக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சிடுங்க அக்கா."

"வாயால சொன்னா எனக்கு மட்டும்தான் தெரியும். திமிர் புடிச்சவன்னு ஊரெல்லாம் பேர் வாங்கிக் குடுத்திருக்கல்ல, எல்லாருக்கும் போற மாதிரி எழுது." அக்கா தன் நாற்காலியைக் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்துப் போட்டார். "இங்கயே உக்காந்து எழுது."

உட்கார்ந்து, தன் பேரில் உள்ளே நுழைந்து, எழுதினாள். என்னுடைய சிறு கவனக்குறைவால் மூன்று அழைப்புகளும் குழாய்க் கிடங்கு மேற்பார்வையாளருக்குப் போய்ச் சேரவில்லை, பதில் வராததில் அவர் தவறு எதுவும் இல்லை. இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் சேர்த்து முகவரி போட்டாள்.

அக்கா பின்னால் நின்று இரண்டு தடவை படித்தார்.

"சிறுங்கறதை எடு," என்றார்.

போஸ்ட்மாஸ்டர் எடுத்தாள்.