ஆள்காட்டி அடைகாத்த பந்து

நெதர் விக்லி கிராமத்தில் மழை பெய்யாத சனிக்கிழமை வந்தால், மாடுகள்கூட ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று வானத்தை அண்ணாந்து பார்க்கும். அப்படியொரு மே மாதச் சனிக்கிழமையில்தான் க்ளெமென்ட் ஹேதர்சேஜ் தன் கடைசி கிரிக்கெட் ஆட்டத்தை ஆடினார். இலையுதிர் காலத்தில் முழங்காலில் அறுவை சிகிச்சை. அப்புறம் மட்டையைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பக்கத்து ஊர் ஓவர் விக்லியிடம் தோற்றுத் தோற்றே கிழவரானவர் க்ளெமென்ட். போவதற்குள் ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

வேறு ஆசை கிடையாது என்று சொன்னது பொய். ஊர் வனவிலங்குக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். குளிர்காலத்தில் வேலிச் செடிகளைப் பாதி வெட்டி, சாய்த்து, பின்னி விடுவார். அவர் பின்னிய வேலிக்குள் காற்றே அனுமதி கேட்டுத்தான் நுழையும். குளிர் விலகி, தேரைகள் குளத்தைத் தேடிச் சாலையைக் கடக்கும் அந்தி நேரங்களில் வாளியும் நீளக் காம்பு வலையுமாக நின்று ஒவ்வொன்றையும் அக்கரை சேர்ப்பார். சில தேரைகள் பஸ்ஸுக்கு நிற்பதுபோல அவருக்காகச் சாலையோரம் காத்திருக்கும். முள்ளெலிகள் போய்வர ஊரார் வீட்டு வேலிகளின் அடியில் எல்லாம் அவர் ஓட்டை போட்டதில், ஒரு வீட்டு நாய் அந்த வழியே போய் நான்கு தோட்டம் தள்ளி வேறு குடும்பத்தோடு செட்டிலாகிவிட்டது.

இப்படிப்பட்டவருடைய மைதானத்துக்குத்தான், சுற்றிலும் அத்தனை வயல் கிடக்க, ஏப்ரலில் ஒரு ஆள்காட்டிக் குருவி வந்து தரையிலேயே நான்கு முட்டையிட்டது. மினுங்கும் பச்சை முதுகும், தலையில் வளைந்த கொண்டையுமாக அது ஆடுகளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் முறைத்தது. க்ளெமென்ட் சந்தோஷத்தில் காலைச் சாப்பாட்டை இரண்டு தடவை சாப்பிட்டார். கூட்டைச் சுற்றிக் கயிறு கட்டினார். கயிற்றுக்குள் மனிதக் கால் படவே கூடாது என்று இரண்டு ஊரையும் சத்தியம் செய்ய வைத்தார். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு ஊர்க் கமிட்டிகளும் விடாமல் கூடிப் பேசின. சாண்ட்விச்சில் வெள்ளரிக்காய் எவ்வளவு தடிமன் இருக்கலாம், டீயில் பாலை முன்னால் ஊற்றுவதா பின்னால் ஊற்றுவதா என்றெல்லாம் முடிவானது. பந்து கயிற்றுக்குள் போனால் என்ன செய்வது என்று மட்டும் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பந்து கயிற்றுக்குள் போயிற்று.

அதுவும் எப்போது? ஓவர் விக்லியின் கடைசி ஜோடி ஆடுகிறது, ஜெயிக்க ஒன்பது ரன் வேண்டும். மட்டையோடு நின்றவர் ரோலண்ட் டஃப்னெல். நகரத்திலிருந்து வந்து அந்த ஊரில் மதுக்கடை நடத்துகிறவர். வயிறு முன்னால் வர, ஆள் பின்னால் வருவார். பறவை என்றால் அவருக்குத் தட்டில் குழம்போடு இருப்பதுதான். அன்று காலையிலிருந்தே, "என்னப்பா க்ளெமென்ட், உன் கோழி இன்னும் பொரிக்கலையா?" என்று வம்புக்கிழுத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு வீசியதில் பந்து உருண்டு போய்க் கூட்டின் ஓரம் நின்றது. ஆள்காட்டி அதை ஒரு பார்வை பார்த்தது. ஐந்தாவது முட்டை என்று நினைத்ததோ என்னவோ, இழுத்து அணைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

ரோலண்டும் அவருடைய ஜோடியும் ஓட ஆரம்பித்தார்கள். பந்து இல்லாமல் யார் அவர்களை அவுட் ஆக்குவது? நெதர் விக்லி அணி முழுவதும் கயிற்றைச் சுற்றி நின்று க்ளெமென்டைப் பார்த்தது. ரன் எழுதிக்கொண்டிருந்த அவர் மனைவி டிலிஸ் எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஒரு எட்டு வச்சு எடுத்துட்டு வாங்களேன். அது என்ன, உங்கள கோர்ட்டுக்கா இழுக்கப் போவுது?"

"கூட்ட விட்டுப் போயிடும்டி. முட்ட சில்லிட்டுப் போயிடும்."

"நாப்பது வருசமா நீங்க தோத்துட்டு வந்து என் உசுர வாங்குனீங்களே, அது?"

க்ளெமென்டின் வலது கால் மெல்ல எழும்பியது. கயிற்றுக்கு மேலேயே கொஞ்ச நேரம் தொங்கியது. பிறகு, வந்த வழியே திரும்பிக் கீழே இறங்கிவிட்டது. ரோலண்ட் எட்டாவது ரன்னை ஏறக்குறைய தவழ்ந்து முடித்தார். இரண்டு ஊரும் சமம்.

இத்தனை பேர் சுற்றி நின்றதில் ஆள்காட்டிக்குத்தான் பொறுமை போய்விட்டது. கூட்டை விட்டு இறங்கி, ஒரு சிறகை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு, கீச்சிட்டபடி ஆடுகளத்தின் குறுக்கே நொண்டியது. எதிரியைத் திசை திருப்ப அது போடும் நாடகம் அது. நெதர் விக்லியில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒன்பதாவது ரன்னுக்குப் பாதி தூரம் வந்திருந்த ரோலண்டுக்குத் தெரியாது.

"ஐயோ, பாவம், ரெக்க ஒடிஞ்சிருக்கு," என்றார். மட்டையைப் போட்டுவிட்டுத் தொப்பியைக் கையில் ஏந்தியபடி அதன் பின்னால் போனார். அது நொண்ட, இவர் கெஞ்ச, எல்லைக் கோட்டைத் தாண்டி, பட்டால் அரிக்கும் நெட்டில்ஸ் புதருக்குள் புகுந்து, ஓடைக்குள் இறங்கி மறைந்தார்.

கூடு காலி. க்ளெமென்டின் மூளை வாழ்நாளில் முதல் தடவையாகக் காலை முந்தியது. பெவிலியனில் தேரை வலை சாத்தியிருந்தது! நொண்டிக்கொண்டே போய் எடுத்து வந்தார். கயிற்றுக்கு வெளியே குப்புறப் படுத்து, ஒரு புல்கூட நோகாமல் பந்தை வலையில் வாரினார். ஓடிப்போய் ஸ்டம்பைத் தட்டினார். ஊர் போட்ட கூச்சலில் தேவாலய மணி தானாக அடித்தது.

நடுவராக நின்ற பாதிரியார் ப்ரூடன்ஸ் அம்மா பைபிளைவிடக் கிரிக்கெட் சட்டப் புத்தகத்தை நன்றாகக் கரைத்துக் குடித்தவர். அவர் துக்க வீட்டுக்கு வந்த முகத்தோடு அருகே வந்தார்.

"பந்த உடம்பாலதான் பிடிக்கணும், க்ளெமென்ட். வலை உன் உடம்பு இல்ல. எதிர் அணிக்கு அஞ்சு ரன்."

அப்படியாக, மட்டையும் இல்லாமல் மைதானத்திலும் இல்லாமல் ரோலண்ட் ஜெயித்தார். இடுப்புவரை சேற்றோடு திரும்பி வந்தவருக்கு அந்தச் செய்தி காதில் ஏறவேயில்லை. "பறந்துடுச்சுப்பா. ஒடிஞ்ச ரெக்கையோட பறந்துடுச்சு," என்று கண் கலங்கினார். அது நடிப்பு என்று க்ளெமென்ட் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. க்ளெமென்ட் பைனாகுலரை எடுத்தார். ஆள்காட்டி திரும்பி வந்து நான்கு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. அன்று தன் பங்கு சாண்ட்விச்சோடு டிலிஸின் பங்கையும் அவரே தின்று தீர்த்தார்.

குஞ்சுகள் நான்கும் அந்த மே மாதமே வெளிவந்தன. இலைகள் கொட்டின, முழங்காலைக் கீறித் தைத்தார்கள். அது பிறகு சீழ் பிடித்து, தேரைக் காலம் வந்தபோதும் க்ளெமென்டின் கால் தலையணை மேல்தான் இருந்தது. ஒரு ஈரமான அந்தியில் போன் அடித்தது. மறுமுனையில் மழைச் சத்தம், வாளிச் சத்தம், ரோலண்டின் மூச்சுச் சத்தம்.

"க்ளெமென்ட், இந்த ஒண்ணு ரொம்ப மெதுவா, இழுத்து இழுத்து நடக்குதுப்பா. கால் ஒடிஞ்சிருக்கும்போல."

"தேரை அப்படித்தான்யா நடக்கும்."

"இல்லப்பா, நீ பாக்கல. எதுக்கும் நான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன்."